ஆறாம் நம்பர் நாய்க்கு ஒரு மிளகு வடை

டெக்சஸ் மாநிலத்தில் ஒரு நாய்க்கு வடை கொடுத்துவிட்டு, போலீஸ்காரர் முன்னால் உட்கார்ந்து விளக்கம் சொன்ன ஒரே தமிழ்ப் பெண் நானாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து அழலாம்.

எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுவதும் படித்த பிறகு நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அது என் முப்பத்தைந்தாவது பிறந்தநாள். ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. வீட்டில் எனக்கு மட்டும்தான் வேலை விசா. கணவர் கார்த்தியும், ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் நிலாவும் என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாட்டில் இருந்தார்கள். அந்த விசாவை நீட்டிக்கக் கொடுத்த மனுவுக்கு, 'இன்னும் ஆதாரங்கள் தேவை' என்று ஒரு கடிதம் வந்திருந்தது. மறுத்துவிட்டால் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டு கனவும் அதோடு சரி. நிலா அப்போதுதான் ஸ்கூலில் ஒரு சிநேகிதி பிடித்திருந்தாள். நான் ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இதை அம்மாவிடம் போனில் சொல்லித் தொலைத்தேன். (முதல் தப்பு.) இரண்டே நாளில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து பதில் வந்தது.

"கண்ணு, ஜோசியரப் பாத்துட்டு வந்தேன். உன்ற மேல பைரவர் கோவமா இருக்காராமா."

"நான் அவரை என்னம்மா பண்ணேன்?"

"ஒண்ணுமே பண்ணுலியாமா. அதுதான் கோவமாம்."

பரிகாரம் இதுதான். என் பிறந்தநாள் அன்றைக்குத் தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு உகந்த நாள். அவர் வாகனம் நாய். என் கையாலேயே மிளகு வடை சுட்டு, அஷ்டமி முடிவதற்குள் ஒரு கருப்பு நாய்க்கு என் கையாலேயே கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் 'பச்சை அட்டை' வீடு தேடி வந்துவிடுமாம். ஜோசியர் அப்படித்தான் சொன்னாராம், பச்சை அட்டை என்று.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு, "அஷ்டமி எந்த ஊர் டைம்மா? உங்க டைமா, எங்க டைமா?" என்று கேட்டேன். (சும்மா ஒரு தகவலுக்குத்தான்.)

ஜோசியருக்கே அது குழப்பமாகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் தன் மருமகனைக் கேட்டுக் கணக்குப் போட்டு, 'டெக்சஸ் நேரப்படி மத்தியானம் ஒண்ணே கால் வரைக்கும்' என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த பிரச்சினை நாய். கோபியில் வாசலைத் திறந்தால் நாலு நாய் நிற்கும், அதில் இரண்டு கருப்பு. ரிச்சர்ட்சனில் தெருவில் ஒரு நாய் தனியாக நின்றால் ஆளாளுக்கு நகராட்சிக்கு போன் செய்துவிடுவார்கள். எல்லா நாய்க்கும் ஓனர் உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, பல் டாக்டர் உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு கருப்பு லேப்ரடார் இருந்தது. அந்த அம்மாவிடம் நைசாக, "உங்கள் நாய் ஸ்நாக்ஸ் சாப்பிடுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "அவன் கிரெயின்ஃப்ரீ டயட்டில் இருக்கிறான், தானியமே தொட மாட்டான்" என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே அவனை உள்ளே கூட்டிப் போய்விட்டாள். சரி, பிறந்தநாள் காலையில் நாய்ப் பூங்காவுக்குப் போய் யாரிடமாவது கெஞ்சலாம் என்று முடிவு செய்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் அம்மா வீடியோ காலில் வந்து நின்றார். அவர் கண் முன்னால்தான் உளுந்தை அரைத்தேன். வெறும் மிளகும் உப்பும் போட்ட வடையை யார் தின்பார்கள், நாய்க்கும் நாக்கு இருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் ஒரு வெங்காயத்தை எடுத்துப் பொடியாக நறுக்கினேன்.

"அதென்ன கையில? வெங்காயமா? சாமி காரியத்துக்கா?" அம்மா போட்ட சத்தத்தில் போன் ஸ்டாண்டு சாய்ந்தது. "எட்டப் போடு அத! கையக் கழுவு! புதுசா மாவு எடு!"

சாமிக்குச் சார்த்தும் வடை தட்டையாக, மொறுமொறுவென்று இருக்க வேண்டும். ஐந்து வடை சுட்டேன். ஜிப்லாக் பையில் போட்டு ஹேண்ட்பேக்கில் வைத்தேன்.

காலை ஐந்தரைக்கு வாசல் மணி அடித்தது. மாலதியும் பிரியாவும் கையில் பலூனோடு நின்றார்கள். "சர்ப்ரைஸ்!" மாலதி என் ஆபீஸ் தோழி, சென்னைக்காரி, ஊரையே கூட்டிக்கொண்டு எங்காவது கிளம்புகிற ரகம். பிரியா எங்கள் அபார்ட்மென்ட், அதிர்ந்து பேச மாட்டாள், ஆனால் எண்பது மைலுக்குக் குறைந்து கார் ஓட்ட மாட்டாள். கார்த்தியும் கூட்டுச் சதியில் சேர்த்தி. "போய்ட்டு வா, நிலாவ நான் பாத்துக்கறேன்" என்று பல் தெரியச் சிரித்தார்.

"எங்கடி போறோம்?"

"சொல்ல மாட்டேன். ஏறு."

நாய்ப் பூங்கா போயிற்று. பரிகாரம் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மாலதி ராகுகாலம் பார்த்துத்தான் காரை எடுப்பாள். அதை வைத்து மூன்று வருடமாக அவளை நான் ஓட்டாத ஓட்டு இல்லை. ஆபீஸில் அவளுக்கு 'பஞ்சாங்கம்' என்று பெயர் வைத்ததே நான்தான். இப்போது போய் 'நிறுத்துடி, ஒரு நாய்க்கு வடை கொடுக்கணும்' என்றால் என் மானம் என்ன ஆவது? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி நேரம் ஃப்ரீவேயில் தெற்கே போனோம். வழியெல்லாம் மாடுகள். ஒரு நாய்கூட இல்லை.

பதினொரு மணிக்குக் கடல் பக்கம் ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் கார் நின்றது. நிமிர்ந்து போர்டைப் பார்த்தேன். ஒரு நாய் நாலு காலையும் காற்றில் வீசி ஓடிக்கொண்டிருந்தது.

"கிரேஹவுண்ட் ரேஸ்டி!" என்றாள் மாலதி. "நாய்ப் பந்தயம்! சீக்கிரம் இதெல்லாம் மூடிடுவாங்களாம். அதுக்குள்ள ஒருவாட்டி பாத்துடலாம்னு. எப்டி?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முழங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும். ஒரு நாய்க்கு நான் தெருத் தெருவாக அலைந்தால், பைரவர் ஒரு ஸ்டேடியத்தையே கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறார்! ஜோசியத்தில் நம்பிக்கையில்லாத நான் கார் பார்க்கிங்கில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கொசு என்று மாலதியிடம் சமாளித்தேன்.

உள்ளே பாதி இருக்கைகள் காலி. தொப்பி போட்ட தாத்தாக்கள் பேப்பரைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்கள். பந்தயத்துக்கு முன்னால் எட்டு நாய்களை, ஆளுக்கு ஒரு கலர் சட்டையும் நம்பரும் போட்டு, வாயில் கம்பிக்கூடு மாட்டி, வேலிக்குப் பக்கத்தில் நடத்திக் காட்டுகிறார்கள். பிறகு கூண்டில் அடைத்துத் திறக்கிறார்கள். ஒரு பொம்மை முயல் ஓட, நாய்கள் பின்னால் பறக்க, முப்பது நொடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதற்கா ஐந்து மணி நேரம் வந்தோம் என்று பிரியா மெதுவாகக் கேட்டாள்.

முதல் பந்தயத்தில் எல்லாம் பழுப்பு. இரண்டாவதில் வெள்ளையும் சாம்பலும். மூன்றாவதில் ஒன்று கருப்பு மாதிரி வந்தது, கிட்டே வந்தால் வயிறு வெள்ளை. ஜோசியர் 'ஒரு புள்ளிகூட இருக்கப்படாது' என்று சொல்லியிருந்தார். மணி பன்னிரண்டு ஐம்பது ஆகிவிட்டது. அஷ்டமி முடிய இருபத்தைந்து நிமிடம்.

நான்காவது பந்தயத்துக்கு வந்தது ஆறாம் நம்பர். மஞ்சள் சட்டை. அதற்குள் நல்ல அட்டக்கருப்பு.

"இது உன் பேர்ல" என்று மாலதி ஓடிப்போய் ஆறாம் நம்பர் மேல் இரண்டு டாலர் கட்டிவிட்டு வந்தாள். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. இடுப்பளவு வேலியை ஒட்டிப் போய் நின்றுகொண்டேன். நாய்கள் வரிசையாக வந்தன. அப்போது பாருங்கள், ஐந்தாம் நம்பர் நடுவழியில் கடன் கழிக்க உட்கார்ந்தது. வரிசையே நின்றது. ஆறாம் நம்பரைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தாள். ஆறாம் நம்பர் என் ஹேண்ட்பேக்கைப் பார்த்துத் திரும்பியது. அந்த மூக்குக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

வேலியில் சிவப்பு எழுத்தில் 'நாய்களுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது' என்று ஒரு பெரிய போர்டு இருந்ததாம். நான் பார்க்கவில்லை. (பிறகு அதைப் போட்டோவாகவே காட்டினார்கள். அதன் முன்னால் நான்தான் நிற்கிறேன்.) பையைத் திறந்தேன். ஒரு வடையை எடுத்தேன். தட்டையாகச் சுட்டது எவ்வளவு நல்லது, கம்பி இடுக்கில் அளவெடுத்த மாதிரி நுழைந்தது. 'கரக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். "பைரவா, விசா!" என்று மனசுக்குள் சொன்னேன். அதற்குமேல் ஸ்தோத்திரம் எதுவும் எனக்குத் தெரியாது.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு திரும்ப உள்ளே வருவதற்குள் விசில் அடித்தார்கள்.

அந்தப் பெண் கையை உயர்த்திக் கத்தினாள். எங்கிருந்தோ இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒலிபெருக்கியில் 'ஆறாம் நம்பர் பந்தயத்திலிருந்து விலக்கப்படுகிறது' என்று அறிவித்தார்கள். தொப்பித் தாத்தாக்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "ஐயய்யோ, என் ஆறாம் நம்பர்! எவடி அது?" என்று மாலதி கத்தியதும் கேட்டது. எவள் என்று அவளுக்கு அடுத்த நொடியே தெரிந்தது, ஏனென்றால் அந்த இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள்.

ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. ஒரு மேஜை. மேஜை மேல் ஜிப்லாக் பையில் நான்கு வடை. எதிரே ஆறடிப் போலீஸ்காரர், கையில் ரப்பர் கிளவுஸ். மாலதியும் பிரியாவும் என் பின்னால். நான் ஆடிப்போயிருந்தேன். பந்தய நாய்க்கு ஏதாவது கொடுத்து மயக்கி, பந்தயத்தை மாற்றுகிற கும்பல்கள் உண்டாம். நான் அந்தக் கும்பலாம்.

"இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வடை. உளுந்தில் செய்தது."

"இந்தக் கருப்புப் புள்ளிகள்?"

"மிளகு, சார்."

"ஏன் கொடுத்தீர்கள்?"

என் வாழ்க்கையில் எத்தனையோ இன்டர்வியூ பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. "எங்கள் கடவுளில் ஒருவருக்கு நாய்தான் வாகனம்" என்று ஆரம்பித்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தேய்ந்துகொண்டிருக்கிற நிலாவின் எட்டாம் நாளில்..." என்று தொடர்ந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

"ஆக, இந்த நாய்க்கு ஒரு டோனட் கொடுக்க ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறீர்கள்."

"இல்லை சார், நாய் இருக்கிற இடத்துக்கு வருகிறோம் என்றே எனக்குத் தெரியாது."

"தெரியாமலே வடை கொண்டுவந்தீர்கள்?"

எனக்கே அது கேவலமான பொய்யாகத் தோன்றியது. அவ்வளவும் உண்மை. பின்னாலிருந்து மாலதியின் குரல், மெதுவாக, நடுங்கிக்கொண்டு வந்தது.

"பரிகாரமா? நீயா? ராகுகாலம் பாக்கறேன்னு என்னை மூணு வருஷமா ஓட்டின நீயா?"

"இப்ப அது முக்கியமாடி?"

"ரொம்ப முக்கியம்டி எனக்கு!"

போலீஸ்காரர் என் லைசென்ஸை வாங்கினார். என்ன விசா என்று கேட்டார். 'என்னை அரெஸ்ட் பண்றீங்களா?' என்று கேட்டேன். அரெஸ்ட் இல்லை, விசாரணை முடியும்வரை தடுத்து வைத்திருக்கிறோம் என்றார். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் புரியவில்லை. கண் முன்னால் நிலா தெரிந்தாள். அவளிடம் என்ன சொல்வேன்? 'கண்ணு, அம்மா ஒரு நாய்க்கு வடை குடுத்தேன், அதனால நாம ஊருக்குப் போறோம்' என்றா? ஒரு ஆபீஸர் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் குடும்பத்தை இன்னொரு ஆபீஸர் கையில் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அழுதுவிட்டேன். மேஜையில் தலையை வைத்து விக்கி விக்கி அழுதேன்.

கதவு திறந்து மைதானத்தின் கால்நடை டாக்டர் அம்மாள் அவசரமாக உள்ளே வந்தார். வணக்கம்கூட இல்லை.

"வெங்காயம் இருக்கிறதா அதில்? வெங்காயம், பூண்டு, ஏதாவது?"

"ஏன்?"

"நாய்க்கு வெங்காயம் விஷம். ரத்தமே கெட்டுப்போகும். இருக்கிறதா, இல்லையா?"

என் அழுகை நின்றுவிட்டது. பலகையில் நான் பொடியாக நறுக்கிய வெங்காயம் கண் முன்னால் வந்தது. என்னை நம்பி, கம்பிக்கூட்டுக்குள்ளிருந்து நாக்கை நீட்டிய அந்தக் கருப்பு முகம் வந்தது. விசா, மானம் எல்லாம் அந்த ஒரு நிமிடம் மறந்துபோயிற்று. நான் அதைக் கொன்றிருப்பேன். எங்கள் அம்மா ஒரு சத்தம் போடாமல் இருந்திருந்தால் கொன்றே இருப்பேன்.

"இல்லை! இல்லவே இல்லை! சாமிக்குச் செய்வதில் வெங்காயம் போட மாட்டோம்! பூண்டும் போட மாட்டோம்!"

"நிச்சயமாக?"

அந்த நேரம் பார்த்து மேஜை மேலிருந்த என் போன் அலறியது. அம்மா. வீடியோ கால். கோபியில் அப்போது ராத்திரி, அஷ்டமி முடிகிற நேரத்துக்காகத் தூங்காமல் காத்திருந்தார். எடுக்கச் சொல்லிப் போலீஸ்காரரே கையைக் காட்டினார்.

"குடுத்துட்டயா கண்ணு?" என்று திரை நிறைய வந்தார் அம்மா. "ஏன் அழுவுற? யாரது தொப்பி போட்டுட்டு? வணக்கமுங்க!"

போலீஸ்காரர் அவரையும் அறியாமல் கையை உயர்த்தினார்.

டாக்டர் அம்மாள் போனைத் தன் பக்கம் திருப்பினார். "ஆனியன்?" என்றார் சத்தமாக.

ஆங்கிலம் தெரியாத எங்கள் அம்மாவுக்கு அந்த ஒரு சொல் மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. "ஆனியனா? நோ! நோ ஆனியன்!" கையை இரண்டு பக்கமும் ஆட்டினார். "இவ போடப் பாத்தாளுங்க! நாந்தான் உடல! சாமி! சாமி நோ ஆனியன்!"

டாக்டர் அம்மாள் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். அவர் சாய்ந்ததைப் பார்த்துத்தான் எனக்கும் மூச்சு வந்தது. நாய் நன்றாக இருப்பதாகவும், இன்னொன்று கிடைக்குமா என்கிற மாதிரி கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதாகவும் சொன்னார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதேன்.

இரண்டு மணி நேரம் கழித்து விட்டார்கள். கேஸ் இல்லை, எச்சரிக்கை மட்டும். கூடவே, அந்த மைதானத்துக்குள் ஆயுளுக்கும் காலடி வைக்கக் கூடாது என்று ஒரு தாள். வடைகளைச் சோதனைக்கு அனுப்ப வைத்துக்கொண்டார்கள். மாலதிக்கு அவள் இரண்டு டாலரைத் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் மூன்று மணி நேரம் அவள் விடாமல் சிரித்தாள். நான்காவது மணி நேரம் கொஞ்சம் ஓய்ந்து, "பசிக்குதுடி, அந்த வடைல ஒண்ணாவது கேட்டு வாங்கியிருக்கலாம்" என்றாள். அதற்குப் பிரியாவும் சேர்ந்து சிரித்ததில் கார் கொஞ்சம் லேன் மாறியது.

ஒரு மாதம் கழித்துச் சோதனைக்கூடத்திலிருந்து முத்திரையோடு கடிதம் வந்தது. 'உளுந்து, மிளகு, உப்பு, எண்ணெய். தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை.' அதே வாரம் விசா நீட்டிப்பும் வந்தது. அம்மாவுக்கு இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். விசாவை அவர் சீந்தவில்லை. சோதனைக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து ஃபிரேம் போட்டுச் சமையலறையில் மாட்டிவிட்டார். "என்ற வடைய அமெரிக்கா கவர்மெண்டே டெஸ்ட் பண்ணி, சுத்தம்னு எழுதிக் குடுத்துருச்சுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். சுட்டது நான் என்பதை யாரும் கேட்பதில்லை.

பிறகு அந்த மைதானமே மூடப்பட்டுவிட்டது. என் தடை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பல வருடம் கழித்து கிரீன் கார்டு மனு போடும் நாள் வந்தது. அதில் ஒரு கேள்வி: எப்போதாவது, எந்தக் காரணத்துக்காகவாவது, போலீஸ் உங்களைத் தடுத்து வைத்திருக்கிறதா? வக்கீலிடம் மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "மறைக்கக் கூடாது, எல்லாவற்றையும் எழுதுங்கள்" என்றார். எழுதினேன். பைரவர், அஷ்டமி, மிளகு வடை, கூடவே சோதனைக்கூடத்தின் கடிதம். கிரீன் கார்டுக்காகச் செய்த பரிகாரம், கிரீன் கார்டு ஃபைலிலேயே இரண்டு பக்கத்துக்கு உட்கார்ந்துகொண்டது.

நேர்காணலில் குடியேற்றத்துறை அதிகாரி இரண்டு பக்கத்தையும் படித்தார். திருப்பி முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தார். கார்த்தி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். உயரமாக வளர்ந்துவிட்ட நிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே?"

"இல்லை சார். நன்றாக இருந்தது."

"நல்லது" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் கார்டு வந்தது. வீடு தேடி, தபாலில். அம்மாவிடம் சொன்னதும், "பாத்தயா? ஜோசியர் சொன்னாரில்ல?" என்றார். கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். (பச்சையாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.) வீட்டில் நான் எப்போது வெங்காயம் நறுக்கினாலும் நிலா அடுக்களையில் எட்டிப் பார்த்து, "அம்மா, இஸ் திஸ் ஃபார் அஸ், ஆர் ஃபார் தி டாக்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

போன வாரம் சிட்டிசன்ஷிப் மனு போடப்போவதாக அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இந்த முறை ஜோசியர் மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நம்பிக்கை கிடையாது என்று சொல்லிவிட்டு, மாலதியிடம் புலம்ப போன் செய்தேன். முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஏண்டி," என்றாள், "மாடு துள்ற ரோடியோவுக்கு மூணு டிக்கெட் போட்டுடவா?"